ஹால் பக்கத்துக் கூரை

நாகலாபுரம்
26.8.2024

அன்புள்ள தம்பி முத்துசெல்வத்துக்கு,

அக்கா பொன்மணி எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் நல்ல சுகம். அங்கே மலையில் மழை விடவில்லை என்று செய்தியில் சொல்கிறார்கள், உன் சுகத்துக்கு உடனே எழுது. மண் சரிந்து செல்போன் டவர் போனதிலிருந்து உன் குரல் கேட்கவில்லை. ரேஷன் ஜீப் கீழே இறங்கும்போது கடிதம் வாங்கி வரும் என்று எழுதியிருந்தாய். அந்த ஜீப்பை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நம் புது வீட்டுக்கு ரூப் காங்கிரீட் போட்டாயிற்று. ஆவணி மாதம் என்று பேர்தான், வெயில் மண்டையைப் பிளந்தது. வேலையாட்களுக்குப் பெரிய டிரம் நிறையப் பானக்காரம் கரைத்து வைத்தேன். கருப்பட்டி, புளி, சுக்கு எல்லாம் தாராளமாகப் போட்டேன். கொத்தனார் வெயிலுமுத்து அண்ணாச்சி குளத்தூரிலிருந்து ஆட்களோடு விடியும் முன்பே வந்துவிட்டார். நீ சொன்ன காங்கிரீட் மருந்தைக் கோவில்பட்டியில் வாங்கி, நீ எழுதிய அளவுப்படி மூடியால் அளந்து ஊற்றினோம். அடுக்களைப் பக்கம் தொடங்கி ஹால் பக்கம் முடித்தார்கள். கடைசியில் தண்ணீர் லாரி வராமல் ஒரே களேபரம். மிக்சர் மிஷினை நிறுத்தக் கூடாது என்று அண்ணாச்சி மேலேயிருந்து கத்துகிறார். உன் மச்சான்தான் கையில் கிடைத்த குடத்தையெல்லாம் தூக்கி ஊற்றிச் சமாளித்தார்.

இப்போது ஒரு கவலை. அடுக்களைப் பக்கம் கல்லாகிவிட்டது. ஹால் பக்கம் இன்னும் நகம் வைத்தால் பதிகிறது. நாலு நாளாகிவிட்டது. இது சரிதானா? வாடகை வீட்டைக் காலி செய்து பக்கத்தில் தகரக் கொட்டகையில் கிடக்கிறோம். ஐப்பசி மழைக்குள் உள்ளே போயாக வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா பொன்மணி


பணியிட முகாம், அருணாசலப் பிரதேசம்
7.9.2024

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம்.

சுகம். சளி மட்டும் விடவில்லை. கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது, படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அக்கா, நான் சொன்ன மருந்து வெயிலில் சிமெண்ட் சட்டென்று இறுகாமல் பார்த்துக்கொள்ளும், தண்ணீரையும் குறைக்கும். அளவு கூடினால் இறுகவே நேரமாகும். மூடிக்கு ஒரு மூடி கூட ஊற்றினார்களோ? பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றி, அடியில் தங்கியது கடைசிக் கலவைக்கு மொத்தமாகப் போய்விட்டதோ? நான்தான் வாங்கச் சொன்னேன், என் புத்தியை என்ன சொல்ல!

ஆனால் மருந்து என்றால் ஒன்றிரண்டு நாளில் தெளிய வேண்டும், நாலு நாள் தாங்காது. அதனால் வேறு சந்தேகமும் வருகிறது. ஜல்லியை எங்கே கொட்டினீர்கள்? கரிசல் மண்ணில் நேராகக் கொட்டியிருந்தால் கல்லைச் சுற்றி மண் பற்றும். மண் பற்றிய கல்லைச் சிமெண்ட் பிடிக்காது. எம்-சாண்டில் மாவுத்தூசி எவ்வளவு இருந்தது? தண்ணீர் உப்பா? எல்லாவற்றுக்கும் எழுது.

அடிப்பலகையையும் அதைத் தாங்கும் முட்டுக் கம்புகளையும் ஒருவரும் தொட வேண்டாம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. தண்ணீருக்கு அங்கே என்ன பாடு என்று தெரியும், ஆனாலும் காய விட்டுவிடாதே.

உன் தம்பி
செல்வம்


நாகலாபுரம்
17.9.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். சளிக்குக் கஷாயம் குடி, அங்கே மிளகு கிடைக்கும்தானே?

நீ கேட்டதற்கெல்லாம் பதில். ஜல்லியைத் தார்ப்பாய் விரித்துத்தான் கொட்டினார்கள். வெயிலுமுத்து அண்ணாச்சி அதில் கறார், ஒரு கூடை மண்ணோடு வந்ததைத் திருப்பியே அனுப்பினார். எம்-சாண்ட் ஒரே லோடு. தண்ணீர் ஒரே லாரி. மருந்தை நானே அளந்தேன், எல்லாக் கலவைக்கும் ஒரே மூடி. அப்படியிருக்க ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் களி. எனக்குத் தலை சுற்றுகிறது. தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பழைய சிமெண்ட் என்கிறார் ஒருவர், கண்ணு பட்டுவிட்டது என்கிறாள் ஒருத்தி.

ஹால் பக்கம் இப்போது நகம் பதியவில்லை. ஆனால் ஆணியால் கீறினால் மாவாக உதிர்கிறது.

ஒன்று நடந்துவிட்டது. உன் மச்சானுக்குக் கோபம் தலைக்கேறி, டீக்கடை முன்னால் எல்லோரும் பார்க்க அண்ணாச்சியை ஏசிவிட்டார். "வீடு கட்டச் சொன்னா கொழுக்கட்டை புடிச்சு வச்சிருக்கீரே, வே!" என்று கத்தி, அவர் மட்டப்பலகையைத் தூக்கி வீசினார். அண்ணாச்சி குனிந்து பலகையை எடுத்துத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஓட்டப்பிடாரத்தில் ஒரு வாத்தியார் வீடு கட்டும் வேலைக்கு அவரைப் பேசி வைத்திருந்தார்கள், அதுவும் இப்போது இல்லையாம்.

அக்கா

மாப்பிள்ளைக்கு மச்சான் விஜயராஜ் எழுதுவது. உங்க அக்கா எழுதுற கடிதத்தை நான்தான் தபாலில் சேர்க்கிறேன், அதனால் ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். எனக்குத் தெரிந்து உன் மருந்துதான் காரணம். கொத்தனாருக்கு அதைக் கையாளத் தெரியவில்லை. படித்தவன் சொன்னானே என்று நம்பினேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.


பணியிட முகாம்
28.9.2024

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

சளி தேவலை.

மச்சான் எழுதிய நாலு வரியைப் பல தடவை வாசித்தேன். அவர் கோபத்தில் தப்பில்லை. இங்கே பரிசோதனைக் கூடத்தில் அதே வகை மருந்தை மூன்று மடங்கு ஊற்றிக் கலந்து பார்த்தேன். ஒரு நாள் முழுக்கத் தூங்கியது, மறுநாள் இறுகிவிட்டது. அப்படியானால் மருந்து இல்லை. ஆனால் இங்கே குளிர், அங்கே வெயில். சிமெண்டும் வேறு. உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரே கல், ஒரே மணல், ஒரே தண்ணீர், ஒரே மருந்து. ஒரு பக்கம் மட்டும் இறுகவில்லை. இப்படி ஒரு கணக்கை நான் படித்ததில்லை. அணைக்கட்டுக்குப் போகிற கலவைக்கு நான் கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். பேனாவை எடுத்தால் உன் ஹால் ஞாபகம் வருகிறது. நேற்று இரண்டு லாரியை நிறுத்திவைத்து மறுபடி சோதித்தேன். மேலதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா வீட்டுக் கூரையையே கெடுத்தவன் அணைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஹால் பக்கத்தில் வேறு எந்த வித்தியாசமாவது கண்ணில் பட்டதா? நிறம், வாசனை, வெடிப்பு, எதுவானாலும் சில்லறை விஷயம் என்று விடாமல் எழுது.

வெயிலுமுத்து அண்ணாச்சியிடம் யாராவது நல்லபடியாகப் பேசுங்கள்.

செல்வம்


நாகலாபுரம்
9.10.2024

தம்பிக்கு,

சுகம். நீ மெலிந்துபோனாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நிறம் கொஞ்சம் கறுப்பு. வெடிப்பு இல்லை. வேறு வித்தியாசம் என்றால் எறும்புதான். சொன்னால் சிரிப்பாய். காங்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து ஹால் பக்கத்து ஓரத்தில் சாரை சாரையாக எறும்பு. அடுக்களைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அடுக்களையை விட்டுவிட்டு ஹாலுக்கு ஏறுகிற எறும்பை நான் இங்கேதான் பார்க்கிறேன். மஞ்சள்தூள் போட்டும் போகவில்லை. தண்ணீர் தேக்கிய பிறகு குறைந்துவிட்டது.

தினம் அங்கன்வாடி வேலை முடிந்து வந்து தண்ணீர் தூக்கி ஊற்றுகிறேன். மச்சான் வேண்டாம் என்கிறார். "செத்த பொணத்துக்கு எதுக்குட்டி தண்ணி ஊத்துத?" என்கிறார். தீபாவளி போனதும் இடித்துவிடலாம் என்று பேசுகிறார். கரிசல் காலை வாரிவிடும் என்று அஸ்திவாரத்துக்கு அவ்வளவு பயந்தோம், கடைசியில் தலைக்கு மேலே வந்து நின்றது நம் கஷ்டம். அந்த ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது.

அக்கா


பணியிட முகாம்
20.10.2024

அன்பு அக்கா,

சுகம். எறும்பு என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார், கலவை லாரி நடுவழியில் நின்றுபோனால் உள்ளே சர்க்கரையைக் கொட்டுவார்களாம், சிமெண்ட் இறுகாது, லாரி பிழைக்கும் என்று. இனிப்பு சிமெண்டைத் தூங்கவைத்துவிடும். கையளவு போதும். நான் மருந்தையும் கல்லையும் மணலையும் கட்டிக்கொண்டு அழுதேன், இது புத்தியில் படவே இல்லை.

அக்கா, அன்றைக்கு மிக்சரில் இனிப்பாக ஏதாவது விழுந்ததா? பானக்காரம் கரைத்து வைத்ததாக எழுதியிருந்தாயே, டிரம்மில் மீதி இருந்ததா? தண்ணீர் தீர்ந்த நேரத்தில் அதை யாராவது எடுத்து ஊற்றினார்களா? நன்றாக யோசித்து எழுது. அப்படியென்றால் கூரையை இடிக்கத் தேவையில்லாமலே போகலாம். தூங்கின சிமெண்ட் எழுந்தால் சில சமயம் பலமாகவே எழும் என்கிறார்கள். ஏன் என்று எனக்கும் முழுசாக விளங்கவில்லை. இன்றைக்கே மெஸ்ஸில் வெல்லம் வாங்கிக் கலந்து கட்டிகள் வார்த்து வைத்திருக்கிறேன். முறைப்படி இருபத்தெட்டு நாள் கழித்து உடைத்துப் பார்த்தால் தெரியும்.

இது தெரிந்தால் வெயிலுமுத்து அண்ணாச்சி பேரும் தெளியும். உடனே எழுது.

செல்வம்


நாகலாபுரம்
10.11.2024

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது, கொட்டகையில் நாலு இடத்தில் ஒழுகுகிறது.

உன் கடிதம் தபாலில் நனைந்து வந்தது. இரண்டாவது தாளில் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது, ஒன்றும் வாசிக்க முடியவில்லை. அதனால் நீ என்ன கேட்டிருந்தாய் என்று தெரியவில்லை.

கார்த்திகை கழிந்ததும் இடிக்க மச்சான் ஆள் சொல்லிவிட்டார். நடப்பது நடக்கட்டும். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா பொன்மணி


பணியிட முகாம்
22.11.2024

அன்பு அக்கா,

இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை, உன் அங்கன்வாடிக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் வாசி.

அக்கா, நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறேன். அது மழையில் கரையாது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வலிக்கும் என்று தெரிந்தும் அக்கா ஏன் மறைக்கிறாள் என்று கோபம்கூட வந்தது. பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்து வாசித்தேன். கையில் கிடைத்த குடத்தையெல்லாம் ஊற்றிச் சமாளித்தது யார் என்று அதில் நீயே எழுதியிருக்கிறாய். வேறு யார் ஊற்றியிருந்தாலும் நீ பேரோடு எழுதியிருப்பாய்.

மச்சான் மேல் எனக்கு வருத்தமில்லை. வேலை நிற்கக் கூடாதென்றுதான் ஊற்றினார். ஆனால் டீக்கடை முன்னால் ஒரு மனிதரை அப்படி ஏசிய பிறகு, ஊற்றினது நான்தான் என்று அவரால் தாங்க முடியாது என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

வெல்லம் கலந்த கட்டி மூன்றாம் நாள் கையில் உதிர்ந்தது. இப்போது உடைத்தேன். வெல்லம் கலக்காததற்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. எவ்வளவு பானக்காரம் போயிற்று என்று தெரியாததால், அதை வைத்து உன் கூரை நல்லது என்று சொல்ல மாட்டேன். சோதிக்க வேண்டும். மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அது வரும்போது நீ ஒன்றும் பேசாமல் இரு, போதும். பழி இங்கே இந்த மலையில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

செல்வம்


பணியிட முகாம்
22.11.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு முத்துசெல்வம் வணக்கம்.

சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். நீங்கள் முதலிலேயே சொன்னதுதான் சரி. இங்கே சோதித்துப் பார்த்ததில் நான் சொன்ன மருந்துதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அளவைத் தப்பாக எழுதியது நான். வெயிலுமுத்து அண்ணாச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். இடிக்க வேண்டாம். கோவில்பட்டியில் ஸ்பிரிங் சுத்தியல் வைத்துக் காங்கிரீட் பலம் பார்க்கும் என்ஜினியர் இருப்பார். அவரைக் கூட்டிவந்து ஹால் பக்கம் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் மட்டும் முட்டுக் கம்புகளை எடுங்கள். தேறவில்லை என்றால் புதிதாகப் போட்டுத் தருவது என் பொறுப்பு.

தங்கள்
முத்துசெல்வம்


நாகலாபுரம்
12.12.2024

என் தம்பிக்கு,

நான் சுகம். உன் மச்சான் சுகமா என்பதைக் கடைசிவரை வாசித்துத் தெரிந்துகொள்.

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு நடுவில் வாசித்து அழுதேன். ஒரு பிள்ளை வந்து முகத்தைத் துடைத்துவிட்டது. சாயங்காலம் மச்சான் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, தன் பேருக்கு வந்ததை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பாத்தியாட்டி, நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார், எல்லோருக்கும் காட்ட.

நீ சும்மா இரு என்றுதான் எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லையே தம்பி. உன் எழுத்தை ஊர் சிரிக்கக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருக்க?

"நில்லுங்க. அது பொய்" என்றேன். அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த உன் இரண்டாவது தாளை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"என்னட்டி எழுதிருக்கான்? பானக்காரத்துக்கும் இதுக்கும் என்ன?"

"தண்ணி லாரி வரலன்னு டிரம்முல கெடந்ததை நீங்கதான மிக்சர்ல ஊத்துனீய. நான் பாத்தேன். அன்னைக்கு எனக்கும் ஒண்ணும் தெரியாது. செல்வம் எழுதினப்புறந்தான் தெரிஞ்சுது."

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "மனுசன் குடிக்குததுதானட்டி அது? வயித்துக்கு ஆவுதது வீட்டுக்கு ஆவாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிசமாகவே விளங்காமல்தான் கேட்டார். "ஏன் மறைச்ச?" என்றார். "சொன்னா தாங்குவீகளா?" என்றேன். டீக்கடைக்குப் போகவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் குளத்தூருக்குப் போனார். வெயிலுமுத்து அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெருவுல வச்சு ஏசினீய அண்ணாச்சி. இதையும் தெருவுல வச்சே சொல்லிருங்க" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியைக் கூட்டிவந்து, அதே டீக்கடை முன்னால் நின்று, "காங்கிரீட்டுல பானக்காரத்த ஊத்துனது நான். இவிய மேலயும் தப்பில்ல, என் மச்சினன் மேலயும் தப்பில்ல" என்று மச்சான் சொன்னார். யாரோ ஒருவன் சிரித்தான். மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாச்சியை வேண்டாமென்ற அந்த வாத்தியாரிடமும் தானே வந்து சொல்வதாக அண்ணாச்சியிடம் சொன்னார்.

கோவில்பட்டி என்ஜினியர் வந்து ஹால் பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். அடுக்களைப் பக்கத்துக்குக் குறையவில்லை, விடாமல் தண்ணீர் விட்டதுதான் காப்பாற்றியது, முட்டுக் கம்புகளை எடுக்கலாம் என்றார். நீ இனி தைரியமாகக் கையெழுத்துப் போடு.

நேற்று முட்டுக் கம்புகளை எடுத்தார்கள். எடுக்கும்போது கூரைக்குக் கீழே நிற்பேன் என்று மச்சான் அடம்பிடித்தார். அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வெளிய வாங்க, இது என்ன சின்னப்புள்ளத்தனமா இருக்கு?" என்றார். "விழுந்தா என் தலையில விழட்டும், வே. நீரு எடும்" என்று ஹால் நடுவில் போய் நின்றுவிட்டார். ஆட்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொரு கம்பாகத் தட்டி எடுத்தார்கள். கடைசிக் கம்பு கீழே விழுந்த சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் கூரை நின்றது.

அவர் வெளியே வரவில்லை. உள்ளே போனேன். சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். "நான் அந்தப் பயல அவ்வளவு ஏசி எழுதுனேன். அவன் எதுக்குட்டி என் பழியத் தூக்கிச் சுமந்தான்?" என்று கேட்டார்.

இன்றைக்குக் காலையிலும் அதையே கேட்டார். பொங்கலுக்கு லீவு கேட்டு வா. நீ வந்த பிறகுதான் பால் காய்ச்சுவோம். அவருக்கு நீயே பதில் சொல்.

உன் அக்கா
பொன்மணி

(இந்தக் கடிதத்தை மச்சான் வாசிக்காமல் ஒட்டினார்.)